ஏழு வாரமாகப் பயிற்சி வகுப்பில் இருக்கிறேன், என் எழுத்தில் என் குரல் வரவில்லை

நீலமை:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12 வார உரைநடைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். நாங்கள் பத்துப் பேர். வாரம் ஒரு வாசிப்பு, ஒரு பயிற்சி. எழுதி அனுப்பினால் வகுப்பில் இரண்டு பேர் கருத்துச் சொல்வார்கள், அப்புறம் ஆசிரியர் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். இப்போது 7-வது வாரம். இதுவரை எனக்கு வந்த குறிப்புகளின் சாரம் ஒன்றுதான்: "பிழை இல்லை. சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதை யார் எழுதினார் என்று தெரியவில்லை."

அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரியும். ஒன்பது வருடமாக வீட்டு உபயோகப் பொருட்களின் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்த்துவருகிறேன். 'பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடிக்கவும்.' 'ஈரக் கையால் தொட வேண்டாம்.' இந்த வேலையில் எழுதியவர் யார் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் தப்பு. அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போய்விட்டது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்த வாரம் யாரைப் படிக்கிறோமோ, அந்த வாரம் அவர் மாதிரியே எழுதிவிடுகிறேன். 3-வது வாரம் குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதும் ஒருவரைப் படித்தோம். என் கட்டுரை முழுக்க மூன்று சொல் வாக்கியங்கள். 5-வது வாரம் அரைப் பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பவர். நானும் எச்சத்தின் மேல் எச்சமாகக் கோத்துக்கொண்டே போனேன். வகுப்பு முடியும்போது எல்லோருடைய சாயலும் இருக்கும், நான் மட்டும் இருக்க மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

கடைசியாக அனுப்பியதிலிருந்து ஒரு பத்தி. 'வீட்டில் இருக்கும் ஒரு பொருள்' என்பது பயிற்சி. அப்பாவின் காது கேட்கும் கருவியை எடுத்துக்கொண்டேன்.

"அப்பாவின் காது கேட்கும் கருவி ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அது ஒரு மௌனத்தின் குறியீடாக எனக்குத் தோன்றியது. காலம் அவரிடமிருந்து ஒலிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தது. அன்னையின் குரலும் அவற்றில் ஒன்று. ஒரு சிறு கருவி ஒரு குடும்பத்தின் உரையாடலைத் தாங்கி நிற்பது வியப்பிற்குரியது."

இதில் என்ன குறை என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் அப்பா இதில் இல்லை.

வகுப்பில் சேர்ந்து கற்று, தனக்கென்று ஒரு குரல் வாய்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்ன செய்தபோது வந்தது? மீதி ஐந்து வாரத்தை நான் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?


கரிக்கோல்:

நீலமை, உங்கள் கேள்வியில் 'தெரிந்தால் தப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் உங்கள் குரல் எனக்குக் கேட்டது. 'விரலில் ஊறிப்போய்விட்டது' என்பதிலும் கேட்டது. கீழே இருக்கிற பத்தியில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. அதாவது குரல் உங்களிடம் இருக்கிறது. 'இப்போது இலக்கியம் எழுதப்போகிறேன்' என்று உட்கார்ந்தவுடன் அதை வாசலில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

நானும் இப்படியொரு வகுப்பில் படித்தவன். பிறகு நான்கு தொகுதி மாணவர்களுக்கு ஆசிரியருடன் சேர்ந்து பயிற்சிகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அப்பாவின் கருவியைப் பற்றி உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் பேசுங்கள். தனியாகப் பேச வேண்டாம், தனியாகப் பேசினால் மேடைப் பேச்சு வந்துவிடும். எதிரே ஆள் இருக்க வேண்டும், அவர் குறுக்கே கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். பிறகு அதை 'ம்', 'வந்து' எல்லாம் சேர்த்து அப்படியே கையால் எழுதி எடுங்கள். மென்பொருளிடம் கொடுக்காதீர்கள், நமக்கு வேண்டியதைத்தான் அது முதலில் துடைத்துவிடும். எனக்கு முதல் தடவை ஐந்து நிமிடப் பேச்சை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடித்ததும் உங்கள் பத்தியைப் பக்கத்தில் வைத்து, பேச்சில் இருந்து எழுத்தில் காணாமல் போனவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்.

நான் அடிக்கோடு போட்டபோது பெரும்பாலும் சிக்கியவை துணைவினைகள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுபவருக்குக் குரல் ஒளிந்திருக்கிற முக்கியமான இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். என் கட்டுரையில் 'தம்பி பூட்டை உடைத்தான்' என்று இருந்தது. பேச்சில் 'ஒடச்சு வச்சிட்டான்' என்று சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றா? 'உடைத்தான்' என்பது வெறும் தகவல். 'உடைத்துவிட்டான்' என்றால் முடிந்துபோயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 'உடைத்துப் போட்டான்' என்றால் அவனுக்கு அதில் அக்கறையே இல்லை. 'உடைத்துத் தொலைத்தான்' என்றால் எனக்கு எரிச்சல். 'உடைத்து வைத்தான்' என்றால் அவன் செய்ததை இனி நான்தான் சரிசெய்தாக வேண்டும். பூட்டு உடைந்தது ஒரே விதமாகத்தான். மாறுவதெல்லாம் சொல்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது. நல்ல தமிழில் எழுதுகிறோம் என்று நினைத்து இந்த வால்களை எல்லாம் நறுக்கிவிடுகிறோம். 'தான்', 'கூட', 'ஆவது', கடைசியில் ஒட்டுகிற ஏகாரம் ஆகியவையும் அப்படித்தான் போய்விடுகின்றன.

பேச்சுத் தமிழில் எழுதச் சொல்லவில்லை. 'வச்சிட்டான்' என்பதை 'வைத்துவிட்டான்' என்று தாராளமாக எழுதுங்கள். ஒலி மாறலாம், நிலை மாறக் கூடாது.

இப்போது உங்கள் பத்தி. 'வைக்கப்பட்டிருந்தது' என்கிறீர்கள். யார் வைத்தது? அப்பாவா, அம்மாவா? கையேட்டில் யார் வைத்தால் என்ன, வீட்டில் அதுதானே விஷயம். ஐந்து வாக்கியத்தில் நான்கு 'ஒரு' இருக்கிறது, அதில் மூன்றை எடுத்தாலும் யாரும் தேட மாட்டார்கள். 'மௌனத்தின் குறியீடு' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் எனக்குப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. அப்புறம், நீங்கள் வீட்டில் அம்மாவை 'அன்னை' என்றா கூப்பிடுகிறீர்கள்? வினையின் கடைசியில் அப்பாவுக்கு 'ஆர்' (வந்தார்), அம்மாவுக்கு 'ஆள்' (வந்தாள்) என்று பேசுகிற வீடு உண்டு, இருவருக்கும் 'ஆங்க' (வந்தாங்க) என்கிற வீடும் உண்டு. உங்கள் வீடு எது என்று அந்தப் பத்தியில் தெரியவில்லை.

மீதி ஐந்து வாரத்துக்கு ஒரு யோசனை. ஆசிரியரிடம் 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். இதுவரை அனுப்பியவற்றில், வகுப்பில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வாக்கியம் எது என்று மட்டும் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். மொத்தத்தில் மூன்று வந்தாலும் போதும். அந்த மூன்றையும் நீங்கள் எந்த மனநிலையில் எழுதினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு வாரம் பெயரை எடுத்துவிட்டுப் பத்துக் கட்டுரைகளையும் சுற்றுக்கு விட்டு, எது யாருடையது என்று எல்லோரையும் எழுதச் சொன்னார்கள். என்னுடையதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று வலித்தது. ஆனால் அந்த வாரத்தில் கற்ற அளவுக்கு வேறெந்த வாரமும் கற்கவில்லை.


மூன்றாம்பிரதி:

கரிக்கோல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பிறர் சாயல் வருவதைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டாம், தோழி. பெஞ்சமின் ஃபிராங்ளின் சிறுவனாக இருந்தபோது தனக்குப் பிடித்த ஒரு இதழின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் குறிப்பாக மட்டும் எழுதிக்கொள்வாராம். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை வைத்து முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். சில நேரம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, வாரங்கள் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பதும் உண்டு. தன் சுயசரிதையில் இதை எழுதும்போது, சின்ன விஷயங்களில் மூலத்தைவிடத் தன்னுடையது மேலாக வந்துவிட்டதாகச் சில சமயம் தோன்றி மகிழ்ந்ததையும் சொல்கிறார்.

நான் இதைச் செய்யும்போது ஒப்பிடுவதை மட்டும் வேறு மாதிரி செய்கிறேன். மூலத்திலிருந்து விலகிய இடங்களை உடனே பிழை என்று வைத்துக்கொள்வதில்லை. ஐந்தாறு பேருடைய கட்டுரைகளை இப்படிச் செய்து பார்த்தபோது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விலகியிருந்தேன்: காரணத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன். யாரைப் படித்தாலும் அது மாறவில்லை. உங்கள் 3-வது வாரத்தையும் 5-வது வாரத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடை வேறாக இருக்கும். இரண்டிலும் மாறாமல் இருப்பது எது என்று தேடுங்கள்.


ஓரக்குறிப்பு:

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றம் என்று ஒரு பட்டியல் உண்டு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகும். அதில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று. வலுவாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. 'வியப்பிற்குரியது' என்று முடிகிற உங்கள் பத்தியைப் படித்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாளை முதல் வரைவில் பார்க்காதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். 'கூறியது கூறல்' என்று பயந்து, பேசும்போது இயல்பாகத் திரும்பச் சொல்கிற என் வழக்கத்தை எழுத்தில் முழுக்க வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகு படித்த என் மனைவி, "இது நீங்கள் சொல்கிற மாதிரி இல்லையே" என்றாள். இப்போது முதல் வாசிப்பு குரலுக்கு, இரண்டாம் வாசிப்பு குற்றத்துக்கு என்று வைத்திருக்கிறேன்.


நீலமை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன்.

தங்கையிடம் பேசினேன், ஆறு நிமிடம். எழுதி எடுத்தபோது நம்பவே முடியவில்லை. 'மௌனம்' என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'கழட்டி வச்சிடுவாரு' என்பதை நான்கு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, நடுவில் தங்கை கேட்டாள்: "அந்த ஸ்டிக்கரெல்லாம் இன்னும் ஒட்டுறாரா?" அவள் கேட்கும்வரை எனக்கு அது எழுதக்கூடிய விஷயம் என்றே தோன்றவில்லை. எதிரே ஆள் வேண்டும் என்று கரிக்கோல் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

3-வது வாரத்தையும் 5-வது வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எண்களை எழுதுகிறேன். எத்தனை படி, எத்தனை நாள், எத்தனை தடவை. கையேட்டு வேலையில் வந்த பழக்கமாக இருக்கலாம். அதை விட்டுவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தேன், இப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. திரும்ப எழுதியது இது:

"சண்டை வரும் என்று தெரிந்துவிட்டால் அப்பா கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். கோபமாக அல்ல, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரிதான். வெள்ளைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் உள்ளே இருந்து சன்னமாக விசிலடிக்கும். அம்மா அந்த விசிலோடுதான் மீதிச் சண்டையைப் போட்டு முடிப்பாள். புது பேட்டரியின் மேல் பழுப்பு ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்தால்தான் உள்ளே காற்றுப் போய் வேலை செய்யத் தொடங்கும். உரித்த ஸ்டிக்கரை அப்பா காலண்டரில் அன்றைய தேதி மேலேயே ஒட்டி வைப்பார். வாரத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. போன மாதம் பார்த்தேன், 19 நாளாக ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. அம்மா இப்போதெல்லாம் என்னிடம்தான் நிறையப் பேசுகிறாள்."


கரிக்கோல்:

இரண்டு தடவை படித்தேன். 'போட்டு முடிப்பாள்' என்ற இடத்தில் உங்கள் அம்மா எனக்குத் தெரிந்துவிட்டாள். 'கோபமாக அல்ல' என்பதை எடுத்துவிடுங்கள், அடுத்து வரும் கண்ணாடியே அதைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி ஒரு எழுத்தையும் தொடாமல் 8-வது வாரத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று கேட்கலாமா, அந்த 19 நாள் எண்ணியதா, தோராயமா?


நீலமை:

எண்ணியதுதான். காலண்டர் முன்னால் நின்று, இரண்டு தடவை.