சொல் வேண்டும்: ‘ஓட்டோ அற்றெண்டன்ற்’

எல்லாருக்கும் வணக்கம். இணையவழி அலுவலகத் தொலைபேசி பற்றின வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. குரலஞ்சல், அழைப்பு வரிசை, அழைப்பு மாற்றல் சரி. எக்ஸ்ரென்சனுக்குக் ‘கிளை எண்’ போட்டிட்டன். கடை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில, 104 எண்டு அடிச்சால் கனடா ஸ்காபரோவில மகன்ர கைபேசி அடிக்கும் எண்டால் பிள்ளையளுக்கு உடன விளங்குது. ‘விற்பனைக்கு 1ஐ அழுத்துங்கள்’ எண்டு முதலில பேசுற குரலுக்குத்தான் சொல் இல்லை.
கொக்குவில் ரீச்சர்

‘வாயிலோன்’ என்க. தொல்காப்பியக் கற்பியல் தோழி முதல் கண்டோர் வரை பன்னிருவரை ‘வாயில்கள்’ என்கிறது. இருவருக்கிடையே சொல் கொண்டு செல்வோர். இக்குரலின் தொழிலும் அதுதானே? சிலம்பில் கண்ணகி ‘வாயிலோயே வாயிலோயே’ என்று வெகுண்டதை நினையுங்கள். மூன்றுதரம் 1ஐ அழுத்தியும் ஆள் வராதவருடைய தொனியும் அதே!
நல்லூர், இளைப்பாறிய தமிழாசிரியர்

ஐயா, சொல் வடிவாத்தான் இருக்கு. ஆனால் இணையவழி அழைப்புக்கெண்டு 1996இல வந்த எச்.323 நெறிமுறையில ‘கேற்கீப்பர்’ எண்டு வேறொண்டு இருக்கு. ஆரை உள்ள விடுறது, எவ்வளவு பட்டையகலம் குடுக்கிறது எண்டு பாக்கிறது அது. இப்ப பெரும்பாலும் ‘சிப்’ (SIP) எண்ட வேற நெறிமுறைதான், எண்டாலும் அது பழைய நூலுகளில கிடக்கு. வாசிக்கிற பிள்ளை குழம்பும். ‘தானியங்கி வரவேற்பாளர்’ போதும். ரீச்சர், ஒண்டு: பழைய செப்புக்கம்பி ரெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில இருந்தே வரும். இதில கரண்ட் போனால் ரவுட்டரும் போச்சு, போனும் போச்சு. யூபிஎஸ் பற்றி ஒரு பந்தி எழுதுங்கோ.
திருநெல்வேலி, பொறியியலாளர்

வரவேற்பாளரோ? அது ஆரை வரவேற்குது, அங்கால தள்ளியெல்லோ விடுகுது! வீட்டு வாசல் படலையடியில நிண்டு கூப்பிட்டால் ஆள் வர முதல் உள்ளுக்கிருந்து ‘ஆரது?’ எண்டு கேக்குமே, அதுதான் இது. ‘படலைக்குரல்’ எண்டு போடுங்கோ.
சுன்னாகம்

சங்கப் பாட்டில் ‘படலைக் கண்ணி’ என்றால் தழைமாலை. மாலை எப்போது பேசியது?
நல்லூர்

எங்கட ஊரில கிறீன் வைத்தியர் அந்தக் காலத்தில மருத்துவம் முழுக்கத் தமிழில படிப்பிச்சவர். அவர் ‘அங்காதிபாதம்’ எண்டதை இண்டைக்கு நாங்கள் ‘உடற்கூற்றியல்’ எண்டுறம். சொல்லு காலத்தோட மாறும். ரீச்சர், ஏதாவது ஒண்டைப் போட்டு அச்சுக்குக் குடுங்கோ.
மானிப்பாய்

நாலு பேர் தனிமடலில ‘தானியங்கி வரவேற்பாளர்’ எண்டு எழுதியிருக்கினம். அதையே போடுறன். நன்றி.
கொக்குவில் ரீச்சர்

என் மறுப்பைப் பதிகிறேன். ‘ஆளர்’ உயர்திணைக்குரியது. இயந்திரத்துக்கு எப்படிப் பொருந்தும்?
நல்லூர்

வாயிலோன் மட்டும் அஃறிணையோ ஐயா?
திருநெல்வேலி

குரல் அஃறிணைதான். சும்மா சொன்னனான்.
சுன்னாகம்