மரத்தரைக்கு முன் கான்கிரீட் தளத்தில் பள்ளம்: லெவலிங் கலவை ஊற்றலாமா?

கேட்டவர்:
ஓக் பலகைகள் வந்து இறங்கிவிட்டன. 10 அடி அலுமினியப் பட்டையைத் தளத்தின்மேல் கிடத்திப் பார்த்தால் சன்னல் பக்கம் 9 மி.மீ. பள்ளம், வாசலருகே ஒரு மேடு. தடித்த ஃபோம் விரித்தால் போதும் என்கிறார் வேலைக்கு வந்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளத்தை நிரப்பித் தளத்தைச் சமமாக்கும் லெவலிங் கலவையை ஊற்றிவிடலாமா?

பதில் 1:
உங்கள் மனம் சொல்வதுதான் சரி. ஃபோம் பள்ளத்தை மறைக்கும், தாங்காது. கால் படும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும். நாளடைவில் பொருத்துகள் தளர்ந்து சத்தமிடும். 10 அடிக்கு 3/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது.

ஆனால் கலவையைத் தொடுவதற்கு முன் ஈரம் பாருங்கள். 2 அடிச் சதுரப் பாலித்தீன் தாள்களை நாலைந்து இடங்களில் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். மூன்று இடங்கள் உலர்ந்திருக்கின்றன. குளியலறைச் சுவரை ஒட்டிய தாளின் அடியில் மட்டும் நீர்த்துளிகள், தளமும் கறுத்திருக்கிறது.

பதில் 2:
ஒரு மூலையில் மட்டும் என்றால் முதலில் குழாயைச் சோதியுங்கள். மற்ற இடங்களையும் உடனே நம்பிவிடாதீர்கள். தாளில் நீர் கோத்தால் ஈரம் உண்டு என்பது உறுதி; கோக்காவிட்டால் ஈரமே இல்லை என்று பொருளாகாது. தளத்தின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உணரி வைத்து ஈரப்பதம் அளக்கச் சொல்லுங்கள். பலகையை ஒட்டும் பசையின் டப்பாவில் எந்த வரம்பு போட்டிருக்கிறதோ அதற்குள் வர வேண்டும். நான் இதைச் செய்யாமல் விட்டேன். ஆறே மாதத்தில் பலகைகளின் ஓரங்கள் எழும்பி நடுப்பகுதி குழிந்துவிட்டது. முழுத் தரையையும் பெயர்த்தெடுத்த வேதனை இன்னும் இருக்கிறது.

கேட்டவர்:
சுவருக்குள் குழாய் இணைப்பு கசிந்திருக்கிறது! சரிசெய்தாகிவிட்டது. பலகைகளை உலர்ந்த அறைக்கு மாற்றிவிட்டேன். உலர்ந்தபின் எதை முதலில் செய்வது?

பதில் 1:
மறுபடி அளந்து, ஈரம் வரம்புக்குள் வந்தபின் மேட்டைக் கிரைண்டரால் தேயுங்கள். கான்கிரீட் தூசி நுரையீரலுக்குக் கேடு. தூசி உறிஞ்சியும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் பூச்சைப் பெயர்த்துவிடுங்கள். பழைய பெயிண்ட், பசை எதுவும் மிஞ்சக் கூடாது. அதன்பின் பிரைமர், அதாவது கலவை தளத்தில் பிடிப்பதற்கான அடிப்பூச்சு; அது காய்ந்ததும் கலவை. பிரைமரைத் தவிர்த்தால் கலவை அப்பளம்போல் உரிந்துவரும்.

கேட்டவர்:
புரிந்தது, மிக்க நன்றி. உணரி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அளவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.