உதவி: குவாதிக்ஸில் இரவு −3 டிகிரி, ஹீட்டர் நின்றுவிட்டது, தண்ணீர்த் தொட்டியும் காலி. வண்டியில் வயதான நாய் இருக்கிறது

தெற்குப்பயணம்:
வணக்கம். கேம்பர் வேனில் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸ் வழியாக வந்து, இப்போது ஸ்பெயினில் கிரனாடாவுக்குக் கிழக்கே குவாதிக்ஸ் பக்கம் நிற்கிறோம். ஹீட்டர் டிரூமா காம்பி 4 ஈ, கேஸிலும் மின்சாரத்திலும் ஓடி அறையையும் தண்ணீரையும் சூடாக்குவது. ஜெர்மன் 11 கிலோ சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஸ்பெயினில் அதை மாற்ற முடியாததால் உள்ளூர் ஆரஞ்சு நிற 12.5 கிலோ சிலிண்டர் வாங்கினோம். ஹார்டுவேர் கடையில் ஒரு வீட்டு ரெகுலேட்டர் (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) வாங்கி, வண்டியின் ரெகுலேட்டருக்கு முன்னால் மாட்டினோம். பகலில் அடுப்பும் ஹீட்டரும் ஓடின. அதிகாலை 3 மணிக்கு ஹீட்டர் 202 என்று பிழை காட்டி நின்றது. விடிந்து பார்த்தால் 100 லிட்டர் தொட்டி காலி, வண்டிக்கு அடியில் பனிக்கட்டி. ஹீட்டரை மின்சாரத்தில் 1800 வாட் போட்டால் கேம்பிங் இடத்தின் பிரேக்கர் விழுகிறது. பெட்டியில் 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. நாய்க்கு வயது 11, முடி குட்டை. அதன் மெத்தை சூடான காற்று வரும் துளைக்கு நேர் முன்னால் கிடக்கிறது. இன்று இரவுக்குள் என்ன செய்யலாம்?

நீலச்சுடர்:
ஹீட்டரில் பழுது இல்லை, அதற்குப் போதிய கேஸ் போகவில்லை. அந்த ஆரஞ்சு 12.5 கிலோ சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். அது கொதிக்கும் வெப்பநிலை −0.5 டிகிரி, அதற்குக் கீழே போனால் திரவமாகவே உட்கார்ந்துவிடும். புரொப்பேன் −42 டிகிரி வரை ஆவியாகும். வெளியே +4 இருந்தாலும் பியூட்டேன் தகராறு செய்யும். ஹீட்டர் கேஸை இழுக்க இழுக்க, ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டர் தன்னிடமிருந்தே எடுத்துக் குளிர்ந்துபோகிறது. பாதி காலியான சிலிண்டர் இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். பகலில் ஓடி அதிகாலையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது தவறு ரெகுலேட்டர். வண்டியில் 30 மில்லிபார் ரெகுலேட்டர் ஏற்கெனவே இருக்கும்போது அதற்கு முன்னால் இன்னொன்று போட்டால், முதலாவதே அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அடுப்பின் சிறு தீக்கு அது போதும், ஹீட்டர் முழு வேகத்தில் எரியும்போது போதாது. வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். 'சலீதா லிப்ரே' என்று கேட்டால், அழுத்தத்தைக் குறைக்காத தலை கிடைக்கும். அதிலிருந்து வண்டி ரெகுலேட்டர் வரை உயர் அழுத்தக் குழாய்தான் போட வேண்டும், அடுப்புக் குழாய் கூடாது. மாட்டிய பிறகு எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரை 'புரொபானோ' 11 கிலோ என்று கேட்டு மாற்றுங்கள். காம்பி 4 மிகக் குறைந்த வேகத்திலேயே மணிக்கு 160 கிராம் எரிக்கும். இடைவிடாமல் ஓடினால் 11 கிலோ 68 மணி நேரம் வரும், முழு வேகத்தில் அதில் பாதிதான். பெட்ரோல் பங்க்கில் நிரப்பும் ஆட்டோகேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எரிபொருள். குளிரில் அதிலுள்ள புரொப்பேன் முதலில் தீர்ந்து பியூட்டேன் அடியில் தங்கும். அதுவும் 80 சதவீதத்தில் தானாக நிற்கும் வால்வு உள்ள சிலிண்டரில் மட்டுமே நிரப்ப வேண்டும்.

மின்சாரக் கணக்கு எளிது: 6 ஆம்பியர் × 230 = 1380 வாட். 1800 வாட்டுக்கு 7.8 ஆம்பியர் வேண்டும். 900 வாட்டில் வையுங்கள், அது 4 ஆம்பியருக்குள் அடங்கும். அப்போது மின்கெட்டிலைப் போடாதீர்கள். கேஸ் வந்த பின் கேஸ் + 900 வாட் கலப்பு முறையில் ஓட்டலாம்.

குழாய்க்காரர்:
தண்ணீர் போன வழி: பாய்லருக்கு (ஹீட்டரோடு சேர்ந்த வெந்நீர்க் கலத்துக்கு) பக்கத்தில் ஃப்ராஸ்ட்கண்ட்ரோல் என்ற வால்வு இருக்கும். அது இருக்கும் இடம் ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கினால், மின்சாரம் இல்லாமலே திறந்து பாய்லரின் 10 லிட்டரை வெளியே விட்டுவிடும். தொட்டித் தண்ணீரைக் கொட்டியது உங்கள் பம்ப். வால்வு திறந்ததும் குழாயில் அழுத்தம் விழுகிறது, யாரோ குழாயைத் திறந்ததாக நினைத்துப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

நாய் மெத்தையும் இதில் சேர்த்திதான். காற்றுத் துளை அடைபட்டால் அந்தக் காற்றுக் குழாயில் சூடு போகாது. பெஞ்சுக்கு அடியில் இருக்கும் வால்வு மற்ற இடங்களுக்கு முன்பே குளிர்ந்துவிடும். ஹீட்டர் காற்றை உள்ளிழுக்கும் துளையில் நாய் முடி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெற்குப்பயணம்:
மிக்க நன்றி. வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றியாயிற்று, மெத்தையையும் நகர்த்திவிட்டோம். வால்வை மூடப் பார்த்தால் பொத்தான் நிற்காமல் வெளியே வந்துவிடுகிறது. துணிக்கிளிப் போட்டுப் பிடிக்கச் சொல்கிறார் பக்கத்து வண்டிக்காரர்.

குழாய்க்காரர்:
கிளிப் வேண்டாம். அடுத்த இரவும் ஹீட்டர் நின்றால் தண்ணீர் பாய்லருக்குள்ளேயே உறைந்து அதைப் பிளந்துவிடும். வால்வு 7 டிகிரிக்கு மேல் வந்தால்தான் மூடும். காம்பியைத் தண்ணீர் இல்லாமலும் அறையைச் சூடாக்க ஓட்டலாம். 900 வாட்டில் போட்டுப் பெஞ்சு மூடியைத் திறந்து வையுங்கள். அவசரம் என்றால் வெந்நீர்ப் பையை வால்வின்மேல் வையுங்கள். பிறகு வால்வின் குமிழைத் திருப்பி, பொத்தானை அழுத்துங்கள். அது நின்ற பின்தான் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

நாலுகால்நலன்:
நாய்க்காக நான் சொல்வது: கேஸ் கிடைக்கத் தாமதமானால் இன்றே கடற்கரைக்கு இறங்கிவிடுங்கள். குவாதிக்ஸ் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏ-92 நெடுஞ்சாலை வழியாகக் கடற்கரை ஊரான அல்மெரியா 110 கிலோமீட்டர் அளவுதான், அங்கே உறைபனி அபூர்வம். மேற்கே கிரனாடா பக்கம் திரும்பாதீர்கள். அந்தச் சாலை ஏறத்தாழ 1,400 மீட்டர் வரை ஏறி இறங்கும், பனி விழும் இடம்.

குளிர்காற்று தரையில்தான் தேங்கும். மெத்தையைப் பலகை வைத்து 10 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். அறையைச் சூடாக்க அடுப்பை ஏற்றிவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளையும் நாயையும் கொல்லும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் முதலில் நாய் படுத்திருக்கும் உயரத்தில்தான் சேரும். கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அந்த ஊருக்கு அவசியம்: பக்கத்தில் சியெரா தே பாசா மலை முழுக்கப் பைன் மரங்கள். கிளை நுனியில் வெள்ளைப் பஞ்சு மூட்டை போலத் தெரிவது ப்ரொசெசியொனாரியா கம்பளிப்புழுவின் கூடு. குளிர்காலக் கடைசியில், வெப்பமான இடங்களில் ஜனவரியிலேயே, புழுக்கள் வரிசையாகத் தரைக்கு இறங்கும். நாய் மோந்தாலே போதும், நச்சுமுடி நாக்கில் ஏறி வீங்கும், சதை அழுகி விழவும் கூடும். அப்படி நேர்ந்தால் கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரை வாய்க்கு வெளியே வழியும்படி ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் முடி உடைந்து நஞ்சு இன்னும் பரவும். கழுவியதும் நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள், வீக்கம் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். பைன் மரத்தடியில் வண்டியை நிறுத்தாமல், கயிறு இல்லாமல் நாயை விடாமல் இருங்கள்.