வழிகாட்டும் இடத்தில் இருந்துகொண்டு ‘தெரியாது’ என்று சொல்லலாமா?

கேள்வி:
பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறேன். பெற்றோர் உட்கார்ந்ததுமே, “சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா நாலு வருஷம் கழிச்சு வேலை இருக்குமா?” என்கிறார்கள். ஏஐ வந்த பிறகு இதற்கு யார் உறுதி சொல்ல முடியும்? தெரியாது என்றால் நம்பிக்கை போய்விடும், தெரியும் என்றால் பொய். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
சார், தெரியாது என்று தாராளமாகச் சொல்லுங்கள். 1962-இல் தகவல் திரட்டி அறிவுபூர்வமாக முடிவெடுக்கும் முறையை முன்வைத்த தொழில் வழிகாட்டுதல் அறிஞர் எச். பி. ஜெலாட், 1989-இல் தானே அதைத் திருத்தி, நிச்சயமின்மையை ஏற்றுக்கொண்டு முடிவெடுக்கப் பழக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் தெரியாது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டணம், கடன் தவணை, அந்தக் கல்லூரியில் போன வருடம் உண்மையில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இதெல்லாம் விசாரித்தால் தெரியக்கூடியவை.

பதில் 2:
கடன்தான் முக்கியம். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைப்பவரிடம் “நிச்சயமின்மையை ஏற்றுக்கொண்டு திறந்த மனதோடு இருங்கள்” என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தவறினால் தாங்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றல்ல.

பதில் 3:
உண்மை. அதனால்தான் செலவில்லாத சின்ன முயற்சிகளைத் தேடச் சொல்கிறேன். இப்படி முயன்று பார்க்கும்போதுதான் எதிர்பாராத வாய்ப்புகள் கண்ணில் படும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த தொழில் வழிகாட்டுதல் ஆய்வாளர் ஜான் க்ரம்போல்ட்ஸ் 1999-இல் சக ஆய்வாளர்களோடு எழுதியதும் இதை ஒட்டியதுதான்: தற்செயலாக வருவதைப் பயன்படுத்திக்கொள்ள ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுப்பது, துணிவு எல்லாம் வேண்டும். என்னிடம் வந்த ஒரு பி.காம். பெண், 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அலுவலகத்தில் யாரும் தொடாத ரிட்டர்ன் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார், அப்புறம் அதுவே அவருக்குத் தொழிலாகிவிட்டது. அவர் கல்லூரியில் சேர்ந்தபோது எந்த ஆலோசகரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.