கலைச்சொல் விவாதம்: ‘விசிபிலிட்டி’ – புலப்பாடு ஒன்றா, இரண்டா?

கோத்தகிரியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கணினிகளுக்கான விஎன்சி (ஒரு கணினியின் திரையைத் தொலைவிலிருந்து பார்த்து இயக்கும் மென்பொருள்) கையேட்டில் ‘விசிபிலிட்டி’ வரும் இடமெல்லாம் ‘தெரிவுநிலை’ என்று போட்டு வருகிறோம். இதை மாற்ற வேண்டும். மெனுவில் ஆப்ஷன்ஸுக்குத் ‘தெரிவுகள்’ என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. இலங்கை வாசகருக்குத் தெரிவு என்றாலே தேர்வுதான். மென்பொருளைச் சின்னம் காட்டாமல் மறைத்து ஓட்டுவதற்கு ‘மறைநிலை’யும் வேண்டாம், குரோம் உலாவி அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. என் முன்மொழிவு: புலப்பாடு.

குன்னூரிலிருந்து:

அண்ணா, புலப்பாடு நல்ல சொல். மூடுபனி நாளில் மலைப்பாதைக்குச் சொல்லும் ‘காணும் தொலைவு’ பார்ப்பவரின் எல்லையைக் குறிக்கும். இங்கே நமக்கு வேண்டியது மென்பொருள் தன்னைக் காட்டுகிறதா என்பது. ஆனால் ஒரே சொல்லாக விட்டால் ஆபத்து. கணினி முன் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவது ஒன்று, வலையமைப்புக்குத் தெரிவது வேறு.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எடைக் கணக்குக்கு வைத்திருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின் பக்கத்தில் விஎன்சி சின்னம் இல்லை. உடனே ‘ஓடவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். எக்ஸ்பி, பயன்படாத சின்னங்களைத் தானாகவே சுருட்டி வைத்துக்கொள்ளும். பணிப்பட்டையின் பண்புகளில் கஸ்டமைஸ் போய் ‘எப்போதும் காட்டு’ என்று மாற்றினால்தான் நிலையாக நிற்கும். விண்டோஸுக்கான பழைய வின்விஎன்சியில், அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) ஒரே மதிப்பை மாற்றிச் சின்னத்தை அடியோடு நீக்கவும் முடியும். விண்டோஸ் விஸ்டா முதல் இன்னொரு காரணமும் சேர்ந்தது: சேவைகள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) 0 எண் அமர்வில் தனித்து ஓடுவதால் பயனர் திரையில் எதையும் வரைய முடியாது. அதனால் டைட்விஎன்சி என்ற விஎன்சி வகை, சின்னத்துக்கென்று ஒரு துணை நிரலைப் பயனர் அமர்வில் ஓட்டுகிறது. அந்தத் துணை நிரலை மட்டும் நிறுத்தினால் சின்னம் போகும், சேவை போகாது.

உண்மை தெரிய வேண்டுமென்றால் கட்டளைச் சாளரத்தில் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ கொடுங்கள். விஎன்சி வழக்கமாகக் காத்திருக்கும் போர்ட் (இணைப்புக் கதவு) எண் 5900. 0.0.0.0:5900 என்ற வரியில் ‘லிசனிங்’ என்றிருந்தால் கதவு எல்லாப் பக்கமும் திறந்திருக்கிறது. 127.0.0.1:5900 (இதே கணினி) மட்டும் என்றால், சின்னம் பளிச்சென்று தெரிந்தாலும் வெளியிலிருந்து எவரும் நுழைய முடியாது. கடைசி நெடுவரிசையில் உள்ள பிஐடியை (ஓடும் நிரலின் அடையாள எண்) டாஸ்க் மேனேஜரில் தேடுங்கள். எக்ஸ்பியில் அந்த நெடுவரிசை இயல்பாகத் தெரியாது. வியூ மெனுவில் செலக்ட் காலம்ஸ் போய் டிக் செய்ய வேண்டும்.

எனவே திரைப்புலப்பாடு, வலைப்புலப்பாடு என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி சொன்ன பிரிவை ஏற்கிறேன். கோவையிலிருந்து பழுது பார்க்க வசதி என்று ரவுட்டரில் 5900-ஐத் திறந்துவிடும் இடங்களில் இது சொல்லழகு சார்ந்த விஷயமே இல்லை. பழைய விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலேயே முடிந்துவிட்டது. இந்த நிலையில் ‘புலப்பாட்டை அணைக்கவும்’ என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் சின்னத்தை மறைத்துவிட்டுப் போர்ட்டைத் திறந்தபடியே விட்டுவிடுவார்.

‘சர்வர்’ என்பதையும் கவனிக்க வேண்டும். வெறுமனே ‘சேவையகம்’ என்றால் எங்கோ இருக்கும் பெரிய இயந்திரம் என்றே நினைப்பார்கள். விஎன்சியில் பார்க்கப்படும் கணினிதான் சர்வர். ஆகவே ‘தொலைத்திரை வழங்கி’ என்பேன். விண்டோஸோடு வரும் தொலையணுகல் முறையான ஆர்டிபிக்கு இது ஒட்டாது. எக்ஸ்பியில் அந்த வழியாக நுழைந்தால் அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும், இருவரும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. அதற்குத் ‘தொலையமர்வு’ போதும்.

குன்னூரிலிருந்து:

தொலைத்திரை வழங்கி எனக்குச் சம்மதம், அண்ணா. மெனு வரிகளில் மட்டும் இந்த நீளச் சொற்கள் வேண்டாம்: ‘சின்னத்தைக் காட்டு’, ‘இக்கணினிக்குள் மட்டும் ஏற்க’. விளக்கப் பக்கத்தில் திரைப்புலப்பாடு, வலைப்புலப்பாடு வரட்டும். ‘சேவையை நிறுத்து’ என்பதைத் தனி வரியாகவே வைக்க வேண்டும். அதோடு ஸ்டார்ட்அப் வகையை ‘டிசேபிள்டு’ ஆக்கச் சொல்லாவிட்டால் அடுத்த முறை கணினியைப் போட்டதும் வழங்கி மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.