துருக்கியில் இடம் மாறிச் சொன்ன வார்த்தை: உங்கள் அனுபவங்கள்?

முதல் பதிவு
உஸ்குதாரில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் அண்ணன் இறந்துவிட்டார். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் ‘கெச்மிஷ் ஒல்சுன்’ என்றுதான் என் காதில் விழுந்திருந்தது. கடந்து போகட்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரம்மாவை நம் ‘பெரியம்மா’ போல தெய்ஸெ என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையைப் பிடித்து அதையே சொன்னேன். அவர் பேசவில்லை. காய்ச்சலுக்கும் விபத்துக்கும் சொல்வது அது. பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டுப் பெண் ‘பாஷினிஸ் சா ஒல்சுன்’ என்றார்: உங்கள் தலை நலமாக இருக்கட்டும். ‘தோஸ்த்லார் சா ஒல்சுன்’, நண்பர்கள் நலமாக இருக்கட்டும் என்று தெய்ஸெ பதில் சொல்லி அழுதார். அந்தப் பதிலைச் சொல்ல நான் அவருக்கு இடமே தரவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.

பதில் 1
எனக்கு விகுதியில். அங்காராவில் மாடி வீட்டுப் பெரியவர் தன் பார்சல் வந்ததா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்ததே நான்தான். ‘கெல்மிஷ்’ என்றேன். “ஏன், நீ பார்க்கவில்லையா?” என்றவர், முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கித் தானே பார்க்கப் போனார். ‘கெல்தி’, வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது ‘வந்ததாம்’. மிஷ் என்றால் நம்முடைய ‘ஆம்’தான்.

பதில் 2
அது பாதிதான் சரி. காலையில் ஜன்னலைத் திறக்கிறீர்கள், தெருவெல்லாம் வெள்ளை: ‘கார் யாமிஷ்’. யாரும் வந்து சொல்லவில்லையே! நம் ‘பனி பெய்திருக்கு’ அது. கொன்யாவில் ஒரு வீட்டில் சூப்பை ஒரு வாய் குடித்து ‘ச்சோக் குஸெல் ஒல்முஷ்’ என்றேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம், புதிதாகப் படிப்பவர்களுக்கு: வினை கடைசியில் வருவதால் நமக்குச் சுலபம் என்று விகுதிகளை விழுங்காதீர்கள். ‘எவ்லெரிமிஸ்தென்’ என்றால் எங்கள் வீடுகளிலிருந்து. எவ் வீடு, லெர் கள், இமிஸ் எங்கள், தென் இலிருந்து. நாம் முன்னால் வைக்கும் ‘எங்கள்’ அங்கே நடுவில் ஒட்டும். மேலே மிஷ், முஷ் ஆனதும் முந்தைய உயிரெழுத்தால்தான். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

பதில் 3
முதல் பதிவு போட்டவருக்கு. ‘குலெ குலெ’ என்பது இருப்பவர் போகிறவருக்குச் சொல்வது. இஸ்மிரை விட்டுக் கிளம்பிய அன்று டீக்கடை அம்ஜாவிடம் (நம் ‘பெரியப்பா’ போல) நான் அதைச் சொல்லிவிட்டேன். ‘போய்ட்டு வரேன்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘போய்ட்டு வாங்க’. அவர் திருத்தவில்லை. கடை வாசல் வரை வந்து, நான் சொல்லியிருக்க வேண்டிய ‘ஹோஷ்ச்சா கால்’ என்பதை அவர் சொன்னார்.