63 சாமானுக்கு ஒன்றரை லட்சம் இடம்: பட்டியல் போட்டுப் பட்ட அனுபவங்கள்

மாங்குளத்தான்:

காலபோக வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் நேரம் கிடைத்த அன்றுதான் பார்த்தேன். கூகுளில் தேடுபவர்களுக்குக் காட்டக் கடைக்காரர் சாமான் பட்டியல் கொடுக்கிற இடம்தான் கூகுள் மெர்ச்சன்ட் சென்டர். அதில் நாங்கள் போட்டு வைத்திருந்த 63 சாமானில் ஒன்றுகூட இல்லை. பனங்கட்டி இல்லை, ஒடியல் மா இல்லை, தேன் இல்லை. கணக்கைப் பூட்டிவிட்டார்கள் என்றே நினைத்து, அங்கே விடியப்புறம் என்றும் பாராமல் ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்குக் கோல் எடுத்தேன். இணையத்தளம் செய்து தந்தவர் அவர்தான். அங்கிருந்து காசு கட்டினால் இங்கே ஊரில் அம்மா அப்பாவின் வீட்டுக்குச் சாமான் போகும், அதுதான் எங்கள் வியாபாரம்.

"கூடப் போட்டிட்டமோ மச்சான்? லிமிட் தாண்டிட்டுதோ?"

அவர் நித்திரைக் கலக்கத்திலும் சிரித்தார். ஒரு கணக்குக்குத் தொடக்கத்திலேயே 150,000 சாமான் போட இடம் உண்டாம். தேனை 350 மில்லி, 750 மில்லி என்று போட்டால் இரண்டு சாமானாகத்தான் எண்ணுவார்கள். அப்படி எண்ணினாலும், மாங்குளச் சந்தியிலிருந்து முறிகண்டி வரைக்கும் ஏ9 வீதியில் உள்ள கடையெல்லாம் வழித்துப் போட்டாலும் அந்த எண்ணிக்கை வராது.

நடந்தது வேறு. ஒரு சாமானின் விபரத்தைக் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான் அதற்கு அங்கே ஆயுள். நானோ தைப்பொங்கலுக்கு முதல் ஒரு பைலைக் கையால் ஏற்றிவிட்டு வயலுக்குள் இறங்கியவன், திரும்பிப் பார்க்கவேயில்லை. குற்றம் சொல்ல வேறு ஆளில்லை.

சரி, இனிக் கையால் ஏற்றுகிற வேலையே வேண்டாம் என்று பட்டியலைக் கூகுள் ஷீட்டில் எழுதி, தினமும் தானாக எடுக்கும்படி இணைத்தோம். அதில்தான் இரண்டாவது மொக்கு வேலை பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஐடி என்று ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும், 50 எழுத்துக்குள் எதுவும் கொடுக்கலாம். நான் பட்டியலின் வரிசை எண்ணையே கொடுத்தேன். 17 தேன், 18 நெத்தலிக் கருவாடு. பிறகு ஒருநாள் மொட்டைக்கறுப்பன் அரிசி வந்தது. அரிசியோடு அரிசி இருக்கட்டும் என்று மேலே ஒரு வரி புகுத்தினேன். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு படி இறங்கிவிட்டது. நேற்று 18 கருவாடு, இன்றைக்கு 18 தேன். கூகுளுக்குத் தெரிந்தது ஐடி மட்டும்தானே, சாமானே உருமாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டது. தேனை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கெல்லாம் கருவாட்டோடு கலந்து போனது.

பட்டி மாட்டுக்குக் குறி சுடுவது போலத்தான் இதுவும். கன்றில் சுட்ட குறி கடைசிவரை. இப்போது சாமான் நின்றுபோனாலும் அதன் ஐடியை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை.

முல்லைக் கரையாள்:

எனக்கு இணையத்தளம் ஒன்றும் இல்லைத் தம்பி, வட்ஸ்அப் பிஸ்னஸ்தான். கட்டலொக் என்கிற அதன் சாமான் பட்டியலில் 500 சாமான் போடலாம். என்னிடம் இருப்பது பதினொரு வகைக் கருவாடு, அதிலும் மாரியில் பாதி இல்லை.

நான் மாட்டுப்பட்டது, ஒரே மெசேஜைப் பல பேருக்கு ஒன்றாக விடுகிற புரோட்காஸ்டில். ஒரு லிஸ்ட்டில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்த நம்பரெல்லாம் பார்த்துப் பார்த்து அடித்து அந்த 256 ஐயும் நிரப்பி, நல்ல சூடைக் கருவாடு காய்ந்து வந்த அன்று விடிய ஒரு மெசேஜ் விட்டேன். மத்தியானம் வரை எட்டோ ஒன்பதோ பேர்தான் பதில் போட்டார்கள். பார்த்தால், எங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேருமாம். மற்றவர்களுக்குப் போகவேயில்லை.

இப்போது பார்சலைக் கையில் கொடுக்க முதலே "நம்பரைச் சேவ் பண்ணுங்கோ, எனக்கு முன்னால பண்ணுங்கோ" என்று நிற்பேன். ஒரு பெடியன் "கருவாட்டு அன்ரி" என்று போட்டான். போடட்டும்.

வவுனியா கொமினிகேசன்:

கடையில் இப்படிக் கணக்குத் திறந்து கொடுப்பதும் என் வேலைதான். எல்லோரும் சாமான் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள், மெயிலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ஓர் அண்ணைக்குக் கணக்கு விஷயமாக வரவேண்டிய மெயில் மூன்று நாளாக வரவில்லை. ஸ்பாமிலும் இல்லை. போனை வாங்கிப் பார்த்தால் 15 ஜீபியும் நிரம்பி வழிகிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இலவச 15 ஜீபி. 2021 ஜூன் முதல் சுருக்கி ஏற்றுகிற போட்டோவும் அதில் சேரும். அண்ணையின் போனில் வற்றாப்பளைப் பொங்கல் வீடியோக்கள், தங்கச்சியின் கலியாணம், மகன் விளையாடிய கிரிக்கெட், எல்லாம் தானாக பேக்கப் ஆகிக்கொண்டிருந்தன. நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. வீடியோவை அழிக்க மனமில்லாமல் அரை மணித்தியாலம் கதிரையில் இருந்தார். கடைசியில் ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணித்தான் அழித்தோம். வியாபாரத்துக்கு வேறு ஜிமெயில் வையுங்கோ.

இன்னொன்று. மெர்ச்சன்ட் சென்டரில் சாமானை நிராகரித்துவிட்டால் உடனே புதுக் கணக்குத் திறக்க ஓடாதீர்கள். ஒரு தளத்தை ஒரு நேரத்தில் ஒரு கணக்குத்தான் உரிமை கோரலாம். புதியது கோரினால் பழையதின் கை கழன்றுவிடும். பிறகு இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். பெரும்பாலும் காரணம் படமாகத்தான் இருக்கும்: போன் நம்பர், கடைப் பெயர், "மலிவு விற்பனை" என்று படத்துக்கு மேலே எழுதியிருப்பார்கள். அது கூடாது.

மாங்குளத்தான்:

நம்பர் எழுதின படம் என்னிடமும் ஒன்பது இருந்தது. வெட்கத்தில் சொல்லவில்லை.

பாண்டியன்குளம் 22:

அண்ணை, எங்களுக்கு வயர் லைன் இல்லை, போன் டேட்டாதான். இவ்வளவு படமும் தினமும் ஏறினால் ரீலோட் போட்டே முடியாதே?

மாங்குளத்தான்:

இல்லைத் தம்பி. ஷீட்டில் படம் போவதில்லை, படத்தின் இணைப்புத்தான் போகிறது. படத்தைக் கூகுள் உங்கள் தளத்திலிருந்து தானே எடுக்கும். உங்கள் டேட்டா செலவாவது தளத்துக்கு ஏற்றும்போது ஒரு தரம் மட்டும். ஒரு படம் 16 எம்பிவரை இருக்கலாம் என்கிறார்கள், அவ்வளவு தேவையே இல்லை. என் போனில் ஒரு படம் 5 எம்பி அளவில் வரும். 63 படமென்றால் 315 எம்பி. ஒன்றைத் தவிர மற்ற 62 ஐயும் 300 கேபிக்குச் சுருக்கினேன், அவை சேர்த்து 19 எம்பிக்குள் முடிந்தது. கச்சான் படத்தை மட்டும் சுருக்கவில்லை, கோதில் இருக்கிற கோடு தெரியவேண்டுமே.